ஒரே பாலுக்கு இரண்டு கணக்கு

குமரி மாவட்டச் சிதறால் மலையடிவாரத் தோட்டங்களில் சிரட்டையில் வடியும் ரப்பர் பாலை உறையவிட்டு, ஷீட்டாக அடித்து, உலர்த்தி விற்றால் கிடைப்பது வேளாண் வருவாய். மத்திய வருமான வரி அதன்மேல் விழாது. அதே தோட்டக்காரர் அதே பாலைத் தம் ஆலையிலேயே இயந்திரத்தில் கடைந்து செறிவாக்கி விற்றால், வருமான வரி விதிகளின்படி வருவாயில் 35 சதவீதம் தொழில் வருவாயாகிவிடும். இந்திய வருமான வரியின் வலிமையும் பழுதும் இந்த ஒரு வேறுபாட்டில் தெரிகின்றன.

1857 எழுச்சிக்குப் பின் கருவூலத்தில் விழுந்த துண்டை அடைக்க 1860-இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் விதித்த வரி, நோக்கத்தில் ஆதிக்கத்தின் கருவி. அதை வெளிப்படையாக எதிர்த்த சென்னை ஆளுநர் டிரெவெலியன் பதவியை இழந்தார். ஆனால் கோட்பாட்டில் அது முழுமையானது. நில வருவாயையும் விட்டுவைக்கவில்லை. 1886 சட்டம் நிலைத்து நின்றது. ஆனால் வேளாண் வருவாயை விலக்கியது. நிலத்தீர்வை கனத்திருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. தீர்வை தேய்ந்தது, விலக்கு தேயவில்லை. அரசியலமைப்பும் வேளாண் வருவாய் வரியை மாநிலப் பட்டியலில் வைத்தது.

முறைமையில் சிறந்தது 1922 சட்டம்: அடிப்படையைச் சட்டம் வகுக்கும், விகிதத்தை ஆண்டுதோறும் நிதிச் சட்டம் சொல்லும். 1950 ஏப்ரல் 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சியோடு, அன்று அதில் அடங்கிய சிதறாலும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. இம்முறைமைக்கு நெகிழ்ச்சி உண்டு, கடிவாளம் இல்லை. 1973-74-இல் உச்ச விகிதம் 97.75 சதவீதத்தைத் தொட்டது. சம்பளக்காரரை இறுக்கிய அதே காலத்தில், வேளாண் நிலவுடைமைக்கு வரி விதிக்கச் சொன்ன பொருளியலாளர் கே.என். ராஜ் குழுவின் 1972 பரிந்துரை கைவிடப்பட்டது. வேளாண் வருவாயைப் பிற வருவாய்க்கான வரி விகிதம் கணிக்க மட்டும் சேர்த்துக்கொள்ளும் அரைத் தீர்வே மிஞ்சியது.

2025 வருமான வரிச் சட்டம் முந்தைய சட்டத்தின் 5.12 லட்சம் சொற்களை 2.6 லட்சமாகச் சுருக்கியது. மொழி தெளிந்தது, அடித்தளம் மாறவில்லை.

சிறு விவசாயியைக் காக்கவே வேளாண் விலக்கு என்பார்கள். அக்கறை மெய்யானது, வாதம் வலுவற்றது. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. ஓர் ஏக்கர் ரப்பர்க்காரரை அந்த வரம்பே காக்கும். விலக்கின் முழுப் பயன் பெருந்தோட்டங்களுக்கே போகிறது.

நிர்வாக முறைமையில் வருமான வரிச் சட்டம் தேறியது. சம வருவாய்க்குச் சம வரி என்ற தன் சொந்த அளவுகோலில் அது 1886 முதல் தவறிக்கொண்டே வருகிறது.