ஹிமாலயன் 411-க்கு மாற்று டயர்: ஓடும் சாலையும் ஆசைப்படும் சாலையும்

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஹிமாலயன் 411, நடுத்தர வருவாயினரும் வாங்கக்கூடிய விலையில் இந்தியாவுக்குக் கிடைத்த சாகசப் பயண வண்டி. 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஹிமாலயன் 450 அதன் இடத்துக்கு வந்துவிட்டாலும் பழைய வண்டிகள் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருப்பதால், அவற்றுக்கு எந்த டயரை மாற்றிப் போடுவது என்னும் கேள்வி பட்டறைகளிலும் பயணக் குழுக்களிலும் ஓயாமல் எழுகிறது. சுமையோடு நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓடவும், தார் முடிந்த இடத்துக்கு அப்பாலும் மண்ணிலும் சரளையிலும் தொடர்ந்து செல்லவும் ஏற்றவாறு உயரமாக அமைக்கப்படும் வண்டியையே சாகசப் பயண வண்டி என்கிறார்கள். இவ்விரு வேலைகளும் டயரிடம் எதிர்பார்ப்பவை ஒன்றுக்கொன்று முரணானவை. தார்ச்சாலை ரப்பர் முழுவதும் தரையில் படிய வேண்டும் என்கிறது. சேறோ ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே நிறைய இடைவெளி வேண்டும் என்கிறது. வாங்குவோரில் பலர் தங்கள் வண்டி அன்றாடம் ஓடும் சாலையை மறந்து, என்றாவது போக நினைக்கும் லடாக்கையும் ஸ்பிட்டியையும் மனத்தில் வைத்து டயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆசைக்கான விலையை அவர்கள் ஊரிலேயே, மழைநாளில் பிரேக் பிடிக்கும்போது கொடுக்க நேர்கிறது.

டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் வாசிக்கத் தெரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். ஹிமாலயன் 411-இன் முன் டயர் 90/90-21, பின் டயர் 120/90-17. முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதையும், மூன்றாவது எண் ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. இவற்றை அடுத்து 54S, 64S என்பன போல ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். 54 என்னும் சுமைக் குறியீடு அந்த டயர் 212 கிலோவரை தாங்கும் என்பதையும், 64 என்பது 280 கிலோவரை தாங்கும் என்பதையும், S என்னும் எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம்வரை பொறுக்கும் என்பதையும் காட்டுகின்றன. எரிபொருள் நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 199 கிலோ எடை கொண்ட பிற்கால ஹிமாலயனில் இருவர் அமர்ந்து பெட்டிகளையும் மாட்டினால் மொத்தம் 370 கிலோவை எளிதாக எட்டிவிடும். அதில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்தான் விழும். எனவே இந்த வண்டிக்குச் சுமைக் குறியீட்டில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வேகக் குறியீட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. 24 குதிரைத்திறன் அளவே கொண்ட எஞ்சினுக்கு, மண்சாலை டயர்களில் வழக்கமாகக் காணப்படும் Q என்னும் 160 கிலோமீட்டர் வரம்பே தாராளம்.

அதே பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றிருந்தால் அந்த டயர் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அதிகம் விற்காத அளவுகள் கடையில் நெடுநாள் தேங்கிக் கிடப்பதுண்டு. பயன்படுத்தாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டே போவதால், தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய டயர் ஆதாயமான கொள்முதல் அன்று. பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த இலக்கங்களை வாங்குபவரே பார்த்துவிட வேண்டும்.

அளவை மாற்றிப் பார்க்கும் ஆசையும் பரவலானது. 120/90-17 அளவில் விரும்பிய டயர் கிடைக்காதபோது சிலர் 130/80-17 போடுகிறார்கள். பார்வைக்குத் திடமாக இருக்க வேண்டும் என்பதற்காக வேறு சிலர் 140/80-17 வரை போகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் 120/90-17 டயரின் வெளிவிட்டம் சுமார் 648 மில்லிமீட்டர், 130/80-17 டயருக்கு 640, 140/80-17 டயருக்கு 656. முதல் மாற்றத்தில் வண்டியின் பின்பகுதி 4 மில்லிமீட்டர் தாழ்வதோடு சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது மாற்றம் வேறு வகையானது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் அதன் விளிம்புகள் உள்நோக்கி இழுக்கப்பட்டு நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொள்ளும். அப்போது காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் நேரோட்டத்தில் தரையைத் தொடாது. வளைவில் வண்டி சாய்வதும் தாமதமாகும். செயினுக்கும் டயருக்கும் இடையிலான இடைவெளியும் குறையும். தோற்றத்துக்காக 140 அளவைத் தேர்ந்தெடுப்பது இந்த வண்டிக்குச் செய்யும் கெடுதல் என்றே கருத வேண்டும். ஹிமாலயன் 450 பின்புறம் 140/80 R17 அளவோடுதான் வருகிறது என்பது உண்மையே; ஆனால் அதன் ரிம்மும் வேறு, டயரின் உட்கட்டமைப்பும் வேறு. R என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். சாதாரண டயரில் உள்ளிழைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்ல, ரேடியலில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. தயாரிப்பாளர் அனுமதித்தால் அன்றி முன்னும் பின்னும் இவ்விரு வகைகளையும் கலந்து போடக் கூடாது.

இனி ரப்பர்க் கட்டைகளின் அமைப்பு. டயர் விற்பனையில் எண்பதுக்கு இருபது, ஐம்பதுக்கு ஐம்பது என்னும் விகிதங்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. தார்ச்சாலைக்கு எத்தனை பங்கு, மண்சாலைக்கு எத்தனை பங்கு என்பதே இவற்றின் பொருள். எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் இதற்கு இல்லை. ஒரு நிறுவனம் ஐம்பது என்பதை இன்னொன்று எழுபது என்று சொல்லக்கூடும். ஆகவே விகிதத்தைக் கேட்டு வாங்குவதைவிட, டயரைக் கையில் எடுத்துக் கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் அகலத்தையும் ஆழத்தையும் பார்ப்பதும், ஒரு கட்டையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தி அது எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பதும் அதிகம் உணர்த்தும். உயரமாகவும் தனித்தனியாகவும் நிற்கும் கட்டை சேற்றில் ஆழமாக இறங்கும்; சக்கரம் சுழலும்போது பள்ளத்தில் அடைந்த சேற்றை உதறித் தள்ளும். அதே கட்டை தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது முன்னும் பின்னும் வளையும். வளைவதால் சூடாகி விரைவாகத் தேயும். பள்ளங்கள் அகலமாக இருப்பதால் தரையில் படியும் ரப்பரின் பரப்பும் குறைவு. காய்ந்த சாலையில் இக்குறைகளை ஓட்டுநர் அவ்வளவாக உணர்வதில்லை. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும்போது, பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரத்தில் அவை வெளிப்படுகின்றன. 21 அங்குல முன் டயர் ஏற்கெனவே குறுகலானது. பிரேக் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கே உரியது என்பதால், அதில் பெருங்கட்டை டயரைப் போட்டுக்கொண்டு நகரத்தில் ஓட்டுவது ஆபத்தை வலிய வாங்கிக்கொள்வதாகும்.

சந்தையில் உள்ளவற்றை இந்த நோக்கில் பார்த்தால் சில தெளிவான வேறுபாடுகள் தென்படுகின்றன. இந்தியாவில் வண்டியோடு வந்த சியட் கிரிப் எக்ஸ்எல், நெருக்கமான கட்டைகளோடு தார்ச்சாலைப் பக்கம் சாய்ந்த டயர். கெட்டியான மண்ணிலும் சரளையிலும் நம்பிக்கையோடு ஓட்டலாம், ஆழமான சேற்றில் திணறும். ஏற்றுமதி ஹிமாலயன்களில் பொருத்தப்பட்ட பிரெல்லி எம்டி 60 இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மெட்செலர் டூரன்ஸ் ஏறத்தாழ முழுமையான சாலை டயர். மண்சாலை என்பது எப்போதாவது கடக்கும் சிறு தொலைவுதான் என்றால் அது போதும். மிடாஸ் இ-07, ஹைடனாவ் கே60 ஆகியவை நடுவில் நிற்கின்றன. இவற்றின் கெட்டியான ரப்பர் நெடுந்தொலைவு உழைப்பதால் கண்டம் கடந்து பயணம் செய்வோர் விரும்பி வாங்குகிறார்கள்; உழைப்பைக் கூட்டும் அதே கெட்டித்தன்மை ஈரமான தாரில் பிடிப்பைக் குறைக்கிறது. கான்டினென்டல் டிகேசி 80 பெரிய சதுரக் கட்டைகளைக் கொண்டது. மண்ணில் அது தரும் உறுதிக்கு மேற்சொன்னவற்றில் எதுவும் ஈடில்லை; ஆனால் நெடுஞ்சாலையில் அதன் பின் டயர் கரையும் வேகம் பயணச் செலவைக் கணிசமாகக் கூட்டிவிடும்.

இரு சக்கரங்களுக்கும் ஒரே டயர்தான் வேண்டுமா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி. மண்சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சற்று ஆடிவிட்டு நேராகும். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் பெரும்பாலும் விழுந்துவிடுவார். மறுபுறம் எஞ்சினின் இழுவையையும் சுமையையும் தாங்குவதால் முதலில் தேய்வது பின் டயர்தான். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தே, அனுபவமுள்ள பயணிகள் மலைப்பயணங்களுக்கு முன்னால் கட்டை கூடிய டயரையும் பின்னால் நெருக்கமான கட்டை கொண்ட டயரையும் போடுகிறார்கள். ஸ்பிட்டியின் லோசரிலிருந்து பட்டால் வழியாகக் கிராம்ஃபூவுக்குச் செல்லும் பாதையைப் போலக் கல்லும் ஓடைநீரும் குறுக்கிடும் இடங்களுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஆண்டின் பெரும்பகுதி நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடும் வண்டிக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. மேலே சொன்ன ஈரச்சாலைக் காரணமே இங்கும் பொருந்தும்.

ஹிமாலயன் 411-இன் ஸ்போக் சக்கரங்கள் டியூப் கொண்டவை. ஆணி குத்தினால் டியூப் இல்லாத டயரில் காற்று மெல்லக் கசியும். டியூப் உள்ள டயரிலோ சில நொடிகளிலேயே இறங்கிவிடலாம். எனவே டயரை மாற்றும்போது டியூபையும், ஸ்போக் முனைகள் டியூபைக் குத்தாமல் காக்கும் ரிம் பட்டையையும் சேர்த்து மாற்றுவதே முறை. பழைய டியூபைப் புது டயருக்குள் திணிப்பதில் மிச்சமாகும் தொகை மிகச் சிறியது. பஞ்சர் கடையில் நெம்புகோலால் டயரின் விளிம்பை ரிம்முக்குள் ஏற்றும்போது டியூப் இடையில் சிக்கிக் கிழிவது அடிக்கடி நிகழ்கிறது. முதலில் டியூபில் சிறிது காற்றடித்து உருட்சியாக்கிக்கொண்டு, விளிம்புக்குச் சோப்பு நீர் தடவி, எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்கி, வால்வு இருக்கும் பக்கத்தைக் கடைசியாக ஏற்றினால் அந்தச் சேதம் நேராது. பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்க வேண்டும் என்பதையும் உடனிருந்து பார்த்துக்கொள்வது நல்லது. பயணத்தில் ஒரே ஒரு டியூப் எடுத்துச் செல்லத்தான் இடமிருக்கிறது என்றால் அது 21 அங்குல டியூபாக இருக்கட்டும். அவசரத்துக்கு அதைப் பின் சக்கரத்திலும் மடித்துப் பொருத்தி அடுத்த ஊர்வரை போய்விடலாம், பின் டியூபை முன் சக்கரத்தில் அப்படி இட முடியாது.

மணலிலும் சரளையிலும் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிப்பு கூடும் என்பது சரியே. ஆனால் டியூப் சக்கரத்தில் அதற்கு எல்லை உண்டு. அளவுக்கு மீறிக் குறைத்தால் கூர்மையான கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு கீறல்கள் விழும். பிரேக்கின் வேகத்தில் டயர் ரிம்மின் மேல் நழுவி வால்வின் அடிப்பகுதியும் அறுந்துபோகலாம். உயரமான மலைகளில் காற்றழுத்தமானி காட்டும் எண்ணும் குழப்பம் தரும். அக்கருவி அளப்பது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ ஆக இருக்கும் வளிமண்டல அழுத்தம், சுமார் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சென்னை வெயிலில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் அதே வெப்பநிலையில் அங்கே 39 காட்டும். ஆனால் உறைநிலைக் குளிர் உள்ளிருக்கும் காற்றைச் சுருக்கிவிடுவதால் விடியற்காலையில் 34 அளவே காட்டும். மலைப்பயணத்தில் ஒவ்வொரு நாளும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பு, அந்த இடத்திலேயே அளந்து கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்குச் சரிசெய்வதுதான் நம்பத்தகுந்த வழி.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டர் அளவுக்கு வளைவுகளில் அதிகம் சாய்க்காமலும் திடீரென்று பிரேக் பிடிக்காமலும் ஓட்ட வேண்டும். தேய்வின் சட்ட எல்லை இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் பள்ள ஆழம். பள்ளத்தின் அடியில் இருக்கும் சிறு மேடு கட்டையின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த எல்லை நெருங்கிவிட்டது என்று அறியலாம். மழைக்காலம் வருகிறது என்றால் அதுவரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

தார்ச்சாலையில் ஓடி, விடுமுறையில் மட்டும் மண்சாலை தேடும் ஹிமாலயன் 411 உரிமையாளருக்கு, 90/90-21, 120/90-17 என்னும் மூல அளவுகளில் கிரிப் எக்ஸ்எல் அல்லது எம்டி 60 வகை டயரே தக்கது. ஸ்பிட்டி போன்ற நெடும்பயணம் உறுதியானால் அதற்கு முன் கட்டை கூடிய முன் டயரை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு, திரும்பியதும் பழைய டயருக்கே மாறிவிடலாம்.