அப்போய்க்கு இல்லாத மூன்றாவது வழி

2015 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஜகாட்' படத்தைப் பற்றி நம்மவர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ஒன்று, "நம்ம பசங்க எப்படிக் குண்டர் கும்பல்ல போய் விழுறாங்கன்னு காட்டுன படம்." மற்றொன்று, "மலேசியாவிலேயே சிறந்த படம்னு விருது வாங்குன தமிழ்ப் படம்." இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டையும் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் படத்தின் நடுவில் நிறுத்தியிருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி அதிகம் பேசக் காணோம். அப்போய் என்ற அந்தப் பையனை எல்லாரும் நாளைய குண்டனாகவே பார்க்கிறார்கள். எனக்கு அவன் வேறு மாதிரித் தெரிகிறான். கலை மனம் உள்ள பிள்ளை, அந்த மனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத பிள்ளை.

கதை நடப்பது 1991இல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் புறம்போக்கு வீடுகளில் ஒண்டிக்கொண்ட காலம். அப்பா மணியத்துக்கு ஒரே கனவு, மகன் படித்து மேலே வந்துவிட வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே கருவி பிரம்பு. பையனைச் சுற்றி உறவில் இன்னும் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். போதையில் விழுந்து எழுந்த பாலா, குண்டர் கும்பலில் இருக்கும் மெக்சிகோ. அப்போய் சினிமாப் பித்து பிடித்தவன். பார்த்ததைச் செய்து காட்டுவான், சொன்னதைத் திருப்பிக் கேட்பான். மனப்பாடத்தை மட்டும் மதிக்கும் பள்ளிக்கு இப்படிப்பட்ட பிள்ளை ஒரு தொல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் தலைக்கு மேல் அப்போது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு தொங்கிக்கொண்டிருந்தது. 1988இல் வந்த அந்தத் தேர்வு 2021இல்தான் கைவிடப்பட்டது. அதற்கு முன் அதை எழுதிய என் போன்றவர்களுக்கு அப்போயின் வகுப்பறை அந்நியமான இடம் இல்லை.

படத்தின் பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 'ஜஹாட்' என்றால் மலாயில் கெட்ட, பொல்லாத என்று பொருள். நம் வாயில் அது 'ஜகாட்' ஆகிவிட்டது. "இவன் சரியான ஜகாட் பய" என்று சொல்லாத தோட்டம் இருக்காது. இந்தச் சொல் கொலைகாரனுக்கும் விழும், வகுப்பில் வாத்தியாரைப் போல நடித்துக் காட்டும் சிறுவனுக்கும் விழும். குறும்பையும் குற்றத்தையும் ஒரே சொல்லால் அழைக்கிற சமூகம், குறும்பு எப்போது குற்றமாக மாறியது என்பதைக் கவனிக்காமல் போவதில் வியப்பில்லை. படம் அந்த மாற்றத்தை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறது. அடி கூடக் கூடப் பையனின் கண் மெக்சிகோ பக்கம் சாய்கிறது. மெக்சிகோவிடம் பணம் இருக்கிறது, பயம் இல்லை. எல்லாவற்றையும்விட, நடையிலும் உடுப்பிலும் அவனிடம் ஒரு ஸ்டைல் இருக்கிறது. அப்போயைப் போன்ற பிள்ளையை முதலில் இழுப்பது அந்த ஸ்டைல்தான். அழகு தேடும் கண்ணுக்கு அந்தக் கம்பத்தில் வேறு என்ன கிடைத்தது?

என் விமர்சனமும் இங்கேதான் தொடங்குகிறது. படம் அப்போய்க்கு இரண்டு வழிகளை வைக்கிறது. ஒன்று பள்ளி, இன்னொன்று கும்பல். பள்ளி அவனை ஏற்கவில்லை, கும்பல் ஏற்கிறது. சமூகவியல் பாடமாக இது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அவனுக்குள் இருக்கிற மூன்றாவது விஷயத்தை, அதாவது எதையாவது உருவாக்க வேண்டும் என்கிற தினவைப் படம் நமக்குக் காட்டிவிட்டுப் பாதியில் கைவிட்டுவிடுகிறது. அந்தத் தினவு பிறகு ஏன் பேச்சில் வருவதில்லை? இயக்குநரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்து அப்போய்க்கு அப்படி ஒரு வழி உண்மையிலேயே கண்ணில் படவில்லை. ஆனாலும் கதைக்கு அது ஒரு குறைதான். இழந்தது இன்னது என்று தெரிந்தால்தான் இழப்பு வலிக்கும். அப்போய் குண்டனானால் நமக்கு ஒரு நல்ல மாணவன் போனானா, ஒரு கலைஞன் போனானா என்பதைப் படம் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால்தான் பார்த்தவர்கள் "பிள்ளைங்கள ஒழுங்கா படிக்க வைக்கணும்" என்று பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். மணியம் செய்ததும் அதைத்தானே?

இதற்கு முன் வந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் சாந்தாவின் கதை. அவரே 2007இல் எடுத்த 'சலங்கை' பிரிக்பீல்ட்ஸில் நடக்கிறது. பூக்கட்டிப் பிழைக்கும் வீட்டில் நடனம் கற்க ஏங்கும் சிறுமி அதில் வருகிறாள். மூன்று படங்களிலும் ஆசையுள்ள ஒரு பிள்ளையும் காசில்லாத ஒரு வீடும் உண்டு. சாந்தாவின் ஆசையைத் தோட்டமே மதிக்கும், படிப்பு என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நடனத்துக்குக் கோவிலும் மேடையும் பின்னால் இருப்பதால் அதற்கும் ஒரு மரியாதை உண்டு. அப்போயின் ஆசைக்கு மட்டும்தான் நம்மிடம் பெயரே கிடையாது. பெயர் இல்லாததால் அதை ஜகாட் என்று அழைத்துவிட்டோம்.

இதைத் தொலைவில் நின்று எழுதவில்லை. நான் மலாக்காக்காரன். இந்த மாநிலத்தில் புக்கிட் லிந்தாங்கில்தான் டான் சாய் யான் 1896இல் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் வளர்த்தது அங்கிருந்து தொடங்கியது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் நம் பாட்டன்மாரின் லயமும் பால் வாளியும். இன்று ஜாசின், மெர்லிமாவ் பக்கம் போனால் பெரும்பாலும் செம்பனைதான் கண்ணில் படும். லயத்துப் பிள்ளைகள் ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்கு வந்துவிட்டோம். பொறியாளர்களாகச் சிலர், ஆபரேட்டர்களாகப் பலர். 2008இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் பிறகு நான் பார்த்த சுற்றுலாச் சுவரொட்டிகளில் சிவப்புக் கட்டடம் இருக்கும், பூ வைத்த திரிஷா இருக்கும். பால் வெட்டும் கத்தி எதிலும் இருந்ததில்லை. நம்மை வரைய நம்மில் ஒருவர் வரும்வரை இது இப்படித்தான் இருக்கும்.

சரி, அப்போய் போன்ற பிள்ளைக்குக் கண் எங்கே பழகியது? ஓவியக் கூடத்தில் இல்லை. முடிதிருத்தும் கடை பெஞ்சில் கிடந்த பழைய பத்திரிகையில். என் அப்பா தலைமுறைக்குக் கோபுலுவையும் 'பொன்னியின் செல்வ'னுக்குப் படம் போட்ட மணியத்தையும் தெரியும், ஓவியம் என்ற சொல் தெரியாமலே. ஒரு வந்தியத்தேவனை மணியம் எப்படிக் குதிரையில் உட்கார வைத்தாரோ அப்படித்தான் இன்றும் நம் மனத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஆதிமூலம் வந்தார். சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த நவீன ஓவியர். சிற்றிதழ்க்காரர்களோடு சேர்ந்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் தலைப்பு எழுதிக் கொடுத்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவர். அந்தக் கோடுகளில் கரிசல் மண்ணின் வெடிப்பு இருந்தது. எழுத்தாளனுக்குச் சமமாக ஓவியனும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நம் நாட்டில் அப்படி உட்கார இடம் கொடுத்தோமா? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது நாம் ஆசிரியர்களை, எழுத்தாளர்களை, முன்பு அதில் வந்த கதைகளை நினைவுகூர்ந்தோம். அது நியாயம். ஆனால் அத்தனை ஆண்டும் இரவோடு இரவாக அந்தப் பக்கங்களைக் கட்டியவர்கள், தலைப்புக்கு எழுத்து தேர்ந்தவர்கள், படம் வெட்டி ஒட்டியவர்கள் யார்? ஒரு பெயரும் நம் நினைவில் இல்லை. நான் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இரவில் நண்பர்களின் நூல்களுக்குப் பக்கம் அமைக்கிறேன், அட்டை போடுகிறேன். "ரெண்டு மணி நேர வேலைதானே தம்பி, ஒரு பூ வச்சு முடிச்சிரு" என்பது இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்.

இத்தனைக்கும் இந்தத் துறையில் உலகமே பயன்படுத்துகிற வேலை நம் மண்ணிலிருந்து போயிருக்கிறது. முத்து நெடுமாறன் மலேசியர், பொறியியல் படித்தவர். கவிதைக் களஞ்சியம் தொகுத்த முரசு நெடுமாறனின் மகன். 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். பின்னால் முரசு அஞ்சல், செல்லினம் எல்லாம் வந்தன. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்ற எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகள்தாம். ஆறாம் ஆண்டு படிக்கும் என் மாமா மகனிடம் இதைச் சொன்னேன். கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்தக்கூட யாராச்சும் செய்வாங்களாண்ணே? தானா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து, பக்கம், சட்டகம், ஒலி இவையெல்லாம் தானாக இருக்கின்றன என்றுதான் நம் விமர்சனமும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஜகாட்டுக்கு நாம் செய்ததும் அதுதான். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் முதன்மையாக இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று அறிவித்தார்கள். திரைத்துறையிலிருந்தே எதிர்ப்பு கிளம்பியது, மலாய்க் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். விதி மாறியது. மொழி பேதமில்லாத சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை ஜகாட் வாங்கியது. பெருமையான நாள். மொழியைப் பற்றி அப்போது நாம் பேசியது அவசியமானதும்கூட. ஆனால் வென்ற படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று எத்தனை பேர் எழுதினோம்? தமிழ்க் கம்பத்துக் கதைக்கு கமால் சப்ரானின் 'ஸ்பேஸ் கம்புஸ் எக்ஸ்பெரிமென்ட்' குழு இசை. கம்புஸ் மலாய் மரபில் வேரூன்றிய நரம்பு வாத்தியம். கோடம்பாக்கத்துப் படத்தைப் பார்த்தே வளர்ந்த ஒரு பையனின் கதைக்குக் கோடம்பாக்கத்து ஒலியைத் தவிர்த்தது ஒரு முடிவு. பேச்சும் அப்படித்தான். மலாய்ச் சொல் கலந்து, பாதியில் அறுந்து, வசையோடு வருகிற நம் தமிழை அழகுபடுத்தாமல் விட்டிருக்கிறார்கள். இந்த முடிவுகளைப் பேசாமல் "நல்ல கருத்துள்ள படம்" என்று முதுகில் தட்டுவது, "ஒரு பூ வச்சு முடிச்சிரு" என்பதற்கு அதிக தூரத்தில் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "வடிவம், எழுத்துரு எல்லாம் வயிறு நிறைஞ்சவன் பேச்சு. மொதல்ல பிள்ளைங்க எஸ்.பி.எம். பாஸ் பண்ணட்டும்" என்பார்கள். இதில் பொய் இல்லை. நான் பொறியியல் படித்ததால்தான் என் வீட்டுக் கடன் அடைந்தது. மணியத்தின் பயம் நிஜமான பயம், படமும் அவரை வில்லனாக்கவில்லை. அது படத்தின் பெரிய பலம். ஆனால் படிப்பா கலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் தப்பு. முத்து நெடுமாறன் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தார். பிள்ளைக்கு நாம் காட்ட வேண்டியது அந்த மேசையைத்தான்.

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. சின்னச் சின்னதாகச் சில உண்டு. நூலின் உள்பக்கத்தில் அட்டை போட்டவர் பெயரையும் பக்கம் அமைத்தவர் பெயரையும் அச்சிடுவோம். அவர்களுக்கு வெள்ளி கொடுப்போம். நூல் வெளியீட்டில் பத்துப் பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறோமே, மேடையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுவோம். படத்தைப் பற்றி எழுதும்போது கதையைச் சொல்லி முடித்த இடத்தில் நிறுத்தாமல், ஒரு காட்சி ஏன் அப்படி இருக்கிறது என்று இன்னொரு பத்தி எழுதுவோம்.

தமிழ்ப்பள்ளியின் கடைசி வரிசையில் நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை நாளை அந்தப் பெயர்களைப் படிப்பாள். இது ஒரு வேலை, இதற்கு ஆள் இருக்கிறார்கள், அவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்று அவளுக்குத் தெரிய வரும். 1991இல் அப்போய்க்கு யாரும் இதைச் சொல்லவில்லை.