ஆடும் புலியும் ஒரே கட்டத்தில்

3 புலி, 15 ஆடு, கோடுகள் கூடும் 23 முனைகள். கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் கீறி வைத்த ஆடுபுலிக் கட்டத்தைக் கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்று புலியை அடைக்கும். காய்களின் எண்ணிக்கை வேறு, நகர்வு வேறு, வெல்லும் வழியே வேறு. அப்படியும் தலைமுறை தலைமுறையாக ஆட்டம் அலுக்கவில்லை, ஏனென்றால் உட்காரும் இருவருக்குமே ஜெயிக்கும் நம்பிக்கை இருக்கிறது.

காந்திபுரத்தில் ஞாயிறு மாலைகளில் எங்கள் மேசையைச் சுற்றி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டி அண்ட் டி) என்ற கதையாட்டம் ஆடும் பிள்ளைகள், எந்தக் கிளாஸ், அதாவது எந்தப் பாத்திர வகை, பலமானது, எது சோடை என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அவர்கள் கேட்பதும் ஆடுபுலியின் கேள்வியைத்தான்: ஒருவரைப்போல் ஒருவர் இல்லாதவர்களை வைத்து நியாயமான ஆட்டத்தை எப்படி அமைப்பது?

பழைய ஆட்டங்கள் இதற்குக் காய்களைக் கூட்டிக் குறைத்து விடை தேடின. ஐரோப்பாவின் நரி–வாத்து ஆட்டத்தில் முதலில் 13 வாத்துகள். நரியின் கை ஓங்கவே பின்னாளில் 17 ஆக்கினார்கள். நேபாளத்துப் பாக்சாலில் 4 புலி, 20 ஆடு. யூ ஜின் லிம், யுர்க் நீவர்கெல்ட் இருவரும் அதைக் கணினியில் அலசி, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுவினார்கள். எந்தக் கணக்கும் போடாமல், ஆடி ஆடியே ஊர்மக்கள் எட்டிய எண்கள் அவை. எனக்கு அது பெரிய வியப்பு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் டி அண்ட் டியில் மூன்றே கிளாஸ்கள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. மந்திரவாதிக்கு முதல் லெவலில் ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் வேலை முடிந்தது. அடுத்த லெவலுக்குப் போகப் போர்வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2500 வேண்டும். இளமையில் நலிந்திருப்பவன் பிழைத்துக் கிடந்தால் முதுமையில் மலையைப் புரட்டுவான் என்பது கணக்கு. சமன் என்பது ஒரு சண்டைக்குள் வருவதல்ல, முழு வாழ்நாளில் வருவது என்று நினைத்த மரபு இது. கதை மாதக்கணக்கில் நீளும் மேசையில் இது அழகாக வேலை செய்யும். பாதியில் நின்றுபோகும் மேசையில் மந்திரவாதிக்கு நட்டம் மட்டுமே மிச்சம்.

1975இல் ‘கிரேஹாக்’ என்ற துணைநூல் வழியாகத் திருடன் உள்ளே வந்தான். பூட்டைத் திறப்பது, பொறியை அகற்றுவது, ஓசைப்படாமல் நடப்பது எல்லாம் அவனுக்குச் சதவீதத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டன. அதுவரை பொறி இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் கம்பால் தட்டிப் பார்த்தார்கள். தரையில் தண்ணீரை ஊற்றி அது எங்கே இறங்குகிறது என்று கவனித்தார்கள். திருடனின் தாளில் அந்த எண் ஏறியதும், மற்றவர்கள் ‘அது நம்ம வேலை இல்லை’ என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவனுக்கு உரிமை எழுதும் விதி, எழுதப்படாத மற்றவர்களின் உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. புதுக் கிளாஸ் ஒன்று வரும்போதெல்லாம், அது என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், மற்றவர்கள் இனி எதைச் செய்யாமல் விடுவார்கள் என்று பார்க்க வேண்டும். விதிநூல் எழுதுபவர்கள் இதில் இன்னும் போதிய அக்கறை காட்டவில்லை என்பது என் எண்ணம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே புள்ளி அட்டவணையை வைத்தது. மந்திரவாதியைக் கட்டியிருந்த கயிறுகளில் ஒன்று அறுந்தது. மேல் லெவல்களில் போர்வீரன் வேடிக்கை பார்ப்பவனானான். 2008இன் நான்காம் பதிப்பு மறு எல்லைக்குப் போனது. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே சட்டகம்: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. நேர்மையான முயற்சிதான். ஆனால் வாள் வீசுவதும் மந்திரம் சொல்வதும் கையில் ஒன்றுபோலவே இருக்கிறது என்று பலர் விலகி, மூன்றாம் பதிப்பின் வழியில் 2009இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ பக்கம் போனார்கள். புலியும் ஆடும் ஒரே மாதிரி நகர்ந்தால் சமன் எளிதாக வந்துவிடும், ஆட்டம்தான் போய்விடும்.

2014இன் ஐந்தாம் பதிப்பு சமனை ஓய்வு நேரத்தில் ஒளித்து வைத்தது. போர்வீரனின் திறன்கள் ஒரு மணிநேரச் சிற்றோய்வில் திரும்பும். மந்திரவாதி பெரும்பாலும் இரவு முழுக்க உறங்கி எழ வேண்டும். கதையின் ஒரு நாளில் ஒரு குழு ஆறிலிருந்து எட்டுச் சண்டைகள் தாங்கும் என்று ஆட்டத்தை நடத்துபவருக்கான நூல் கணக்கிட்டது. எங்கள் மேசையில் அது நடக்கிற காரியமா? நான்கு மணிக்குக் கூடினால் ஒன்பது மணிக்கு டவுன் பஸ் பிடிக்க ஓட வேண்டும். ஒன்றிரண்டு சண்டைதான். அடுத்து எதுவும் வராது என்று தெரிந்த மந்திரவாதி கையிலிருப்பதையெல்லாம் முதல் சண்டையிலேயே கொட்டிவிடுவான். விதியில் பிழை இல்லை. விதி நினைத்த நாள் வேறு, நமக்கு வாய்த்த மாலை வேறு. ஆகவே நடத்துபவர் ஒரே கதைநாளை இரண்டு மூன்று வாரங்களுக்கு நீட்ட வேண்டும். உறக்கம் கேட்டவுடன் கொடுக்கக் கூடாது.

ஆடுபுலிக்கு ஒரு வசதி உண்டு. ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறிக்கொள்ளலாம். புலியாக வெட்டியவர் அடுத்த ஆட்டத்தில் ஆடாக நிற்பார். கட்டத்தில் சிறு கோணல் இருந்தாலும் அது இருவருக்கும் பொது. டி அண்ட் டியில் அப்படியில்லை. எடுத்த பாத்திரத்தை ஒரு வருடம் சுமக்க வேண்டும், அதற்குப் பேரும் ஊரும் வைத்து மனசையும் கொடுத்தாகிவிட்டது. கிளாஸ் சண்டைகள் இவ்வளவு உக்கிரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தோற்பது யாருக்கும் வலிக்காது. மாதக்கணக்கில் மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வலிக்கும்.

அதனால் எங்கள் மேசையில் இரண்டு வழக்கம் வைத்திருக்கிறோம். மூன்றாம் லெவல் வரை யாரும் பெயரையும் கதையையும் அப்படியே வைத்துக்கொண்டு கிளாஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், காரணம் கேட்பதில்லை. ஒரு கதை முடிந்ததும் நடத்துபவர் இறங்கி ஆட வருவார், ஆடியவர்களில் ஒருவர் நடத்தப் போவார்.