துன்பக்கேணியும் தோட்டத்துப் பள்ளியும்

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். இகழப்படுதல், இழத்தல், நிலை தளர்தல், வறுமை என்பன அவை. இந்நான்கினுள் இகழப்படுதலை அவர் முதலில் வைத்தமை கருதத்தக்கது. கண்ணகியின் புலம்பலைப் பள்ளியிற் கற்பிக்க எவரும் தயங்குவதில்லை. ஆதலின், துன்பம் பாடமாதல் தமிழுக்குப் புதிதன்று. அத்துன்பம் அண்மைக் காலத்ததாயும் பயில்வோர் குடும்பத்ததாயும் அமையும்போதே ஐயம் எழுகின்றது.

இதற்குத் தக்க சான்று புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த அக்கதை, திருநெல்வேலிச் சீமையினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கூலியாகச் சென்ற மருதி என்னும் ஒடுக்கப்பட்ட குலப் பெண்ணைப் பற்றியது. தோட்டத்தில் அதிகாரம் படைத்தோர்க்கு அவள் இரையாகின்றாள். நோயே அவளுக்கு எஞ்சுகின்றது. ஒடுக்கப்பட்டோரை இக்கதை இழிவுபடுத்துகின்றது என்ற முறையீடு எழவே, சென்னைப் பல்கலைக்கழகம் 2014இல் இதனைப் பாடநூலினின்று நீக்கியது.

சென்னையில் எழுந்த வினா நானுஓயாவில் மேலும் கூர்மை பெறும். 1885இல் இருப்புப்பாதை வந்தடைந்த அவ்வூரைச் சூழ்ந்து தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. லயக் காம்பராவினின்று பள்ளிக்கு வரும் மாணவிக்கு மருதி வெறுங் கற்பனைப் பாத்திரம் அல்லள். அவள்தன் பாட்டிக்குப் பாட்டியாக இருந்திருக்கக் கூடியவள். 'தோட்டக்காட்டான்' என்னும் வசைச்சொல் கேட்டு வளர்ந்த பிள்ளை, கடைவீதிப் பிள்ளையின் அருகிருந்து இக்கதையைக் கேட்குங்கால் தலை கவிழக்கூடும். வேண்டா என்பார் கூற்றை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது.

எனினும், கதையை மறைப்பதனால் இகழ்ச்சி மறைவதில்லை. அது பிள்ளையின் உள்ளத்திலேயே தங்கிவிடுகின்றது. நாணவேண்டியவர் யாவர் என்பதே இக்கதை எழுப்பும் வினா. ஆசை காட்டி ஆள் சேர்த்தவரும் அதிகாரத்தைத் தவறாக ஆண்டவருமே நாணவேண்டியவர், மருதி அல்லள் என்பதை மாணவர் தாமே கண்டு கூறுவராயின், பாடம் பயன் தந்ததாகும்.

அங்ஙனம் கற்பித்தற்கு மூன்று நெறிகள் வேண்டும். முதலாவது, இதனை உயர்தர வகுப்பிற்கு உரியதாக்குதல். இளைய வகுப்பினர்க்கு இச்சுமை மிகை. இரண்டாவது, வீட்டு நிலையை உரைக்குமாறு எந்த மாணவரையும் வற்புறுத்தாமை. விடை கூறாதிருக்கும் உரிமையும் வகுப்பில் இருத்தல் வேண்டும். கதைச் சுருக்கம் வரைக என்னும் தேர்வு வினா, பிறர் புண்ணை மனப்பாடமாக்குவதன்றி வேறொன்றும் செய்யாது. மூன்றாவது, கதையையே மதிப்பிடும் உரிமையை மாணவர்க்கு அளித்தல். புதுமைப்பித்தன் தோட்டத்தைப் புறத்தே நின்று கண்டவர். துயரக் கேணியாகவே அதனைத் தீட்டினார். தொழிலாளர் ஒன்றுகூடி எதிர்த்து நின்ற வரலாறு அதில் இடம்பெறவில்லை.

அக்குறையை நிரப்பத் தோட்டத்திலேயே பிறந்தவர் எழுத்தை உடன் வைத்தல் நன்று. மடக்கும்புரையில் 1914இல் பிறந்து, தொழிற்சங்கத்திற் பணியாற்றி, 1947இல் தலவாக்கலையினின்று நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் நாவலொன்றிற்கு 'இனிப்படமாட்டேன்' எனப் பெயரிட்டார். மருதியின் கதையை முதலிலும் அந்நாவலை அடுத்தும் பயிலும் மாணவர், தம் முன்னோர் பட்டதையும் இனிப் படோம் என்று அவர் வழியினர் எழுந்ததையும் ஒருங்கே அறிவர். முன்னதை மட்டும் கற்பித்தல் கொடுமை. இரண்டையும் விடுத்தல் அதனினும் பெருங் குறை.