ஸ்டீயரிங்கின் இறுக்கமும் கைப்பக்குவமும்

ஜீப் ராங்ளர் போன்ற கரடுமுரடான வழிகளுக்குரிய வாகனங்களில் பவர் ஸ்டீயரிங் இறுகும்போது, எண்ணெய்க்கு அழுத்தம் தரும் பம்பின் மீதே முதலில் பழி விழுகிறது. தேர்ந்த மெக்கானிக்கோ ஸ்பானரை எடுக்குமுன், இறுக்கம் எப்போது, எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிக்கிறார். என்ஜின் மெதுவாக ஓடுகையில் கனத்து, வேகம் கூட்டியதும் இலகுவானால், பம்பும் அதன் பெல்ட்டும் ஐயத்துக்குரியவை. மாறாக, ஸ்டீயரிங் சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றில் இறுக்கம் இருமுறை வந்து போனால், ஒன்றுக்கொன்று சாய்வாக அமைந்த ஸ்டீயரிங் தண்டுகளை இணைத்துச் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ உறுப்பான யுனிவர்சல் ஜாயின்ட், சேற்றிலும் நீரிலும் துருவேறிச் சிக்கியிருக்க வாய்ப்பு மிகுதி. எண்ணெய் அழுத்தமானி காட்டாத இந்தத் தாளக்கட்டை விரல்கள் உணர்ந்துவிடுவதே இக்கலையின் அழகு. நடுநிலையில் மட்டும் இறுகினால், ஸ்டீயரிங் கியர்பாக்ஸின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகை எவரோ ஆர்வக்கோளாறால் அளவுமீறி முடுக்கியிருக்கலாம். வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு மீளாவிட்டால், முன்சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்தி, இணைப்புத் தண்டுகளைக் கழற்றி, சக்கரங்களைத் தனித்தனியே கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் அவை முரண்டினால் குற்றம், சக்கரங்கள் திரும்புவதற்கான பந்துமூட்டுகளாகிய பால் ஜாயின்ட்டுகளுடையது. துருப்பிடித்த யுனிவர்சல் ஜாயின்ட்டில் எண்ணெய் விடுவது தற்காலிக நிவாரணமே. அதை மாற்றுவதே முறை.