விதி எண் இல்லாத குறைகள்

மின் ஆய்வாளர் நியாயமானவரா என்று கேட்டால், அவரிடம் வேலையைக் காட்டிச் சான்று வாங்க வேண்டிய ஒப்பந்ததாரர்கள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பக்கம் ஹோட்டலுக்கும் பழைய கிட்டங்கிக்கும் வயரிங் எடுப்பவர்களின் பேச்சும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. அவர் கறாராக இருப்பதால்தான் தரமான ஒயரும் ஸ்விட்ச்கியரும் போட்டு விலை சொல்பவனுக்குப் பிழைப்பு நடக்கிறது, அவர் கண்டும் காணாமல் போனால் மட்டமான சாமான் போடுகிறவன் எல்லா வேலையையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்பது ஒரு கட்சி. முதல் தடவை வந்தபோது சொல்லாத குறையை அடுத்த தடவை சொல்கிறார், முன்பிருந்த அதிகாரி ஏற்றுக்கொண்டதை இவர் தள்ளுகிறார் என்பது எதிர்க்கட்சி.

இரண்டு கட்சியும் உண்மையைத்தான் பேசுகின்றன என்று நினைக்கிறேன். ஒன்று, ஆய்வாளர் எதைக் கேட்கிறார் என்பதைப் பற்றிப் பேசுகிறது. மற்றது, அதை எப்போது, எந்த விதியைக் காட்டிக் கேட்கிறார் என்பதைப் பற்றிப் பேசுகிறது. கறாராக இருப்பதாலேயே ஒருவர் அநியாயக்காரர் ஆகிவிடமாட்டார். விலை சொல்லும்போதே ஒப்பந்ததாரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை, சுவர் பூசி முடித்த பிறகு சொல்லும்போதுதான் அநியாயம் நுழைகிறது. என் வாதம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

கேரளத்தின் எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட், மாநில மின்வாரியமான கேஎஸ்இபியின் கிளை அல்ல. மாநில அரசின் தனித் துறை அது. திருவனந்தபுரத்தில் தலைமை மின் ஆய்வாளரும் மாவட்டங்களில் மின் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் ஏற்பாடு இதுவே. 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் தொடங்கிய பதவி, இன்று 2003 மின்சாரச் சட்டத்தின் 162ஆம் பிரிவில் நிற்கிறது. சாதாரண வீட்டு இணைப்புக்கு இவர் வருவதில்லை. அதை ஒயரிங் செய்தவர் தரும் நிறைவு அறிக்கையை வைத்து கேஎஸ்இபி செக்‌ஷன் ஆபீசே பார்த்துக்கொள்ளும். உயர் அழுத்த இணைப்பு, ஜெனரேட்டர், சினிமா கொட்டகை, 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடம் போன்றவற்றுக்குத்தான் இவருடைய கையெழுத்து வேண்டும்.

மின்சாரம் விற்பவரிடமிருந்து விலகி நிற்பதுதான் இந்தப் பதவியின் பெரிய பலம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது மின்சாரம் விற்ற டெல்லி வித்யுத் போர்டுக்குச் சொந்தமான டிரான்ஸ்பார்மரில். அன்று காலையில்தான் போர்டு ஊழியர்கள் அதைப் பழுதுபார்த்திருந்தார்கள். பிறகு தண்டிக்கப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. விற்பவரே சோதிப்பவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். கேரளத்திலேயே, 2025 ஜூலையில், கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில் சைக்கிள் கொட்டகைக் கூரைமேல் ஏறிய எட்டாம் வகுப்பு மாணவன் மின்கம்பியில் பட்டு இறந்தான். கம்பி மின்வாரியத்துடையது, கொட்டகை பள்ளியுடையது. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி போதாது என்று சொல்லும் அதிகாரமும் அறிவும் ஒருசேரப் பெற்ற மூன்றாவது ஆள் மின் ஆய்வாளர்தான். அந்தப் பதவியே தேவையில்லை என்று கோபத்தில் சொல்லும் ஒப்பந்ததாரர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

அடுத்து போர்ட் கொச்சியின் மண்ணுக்கு வருவோம். தகராறு முளைப்பது அங்கேதான். கடலும் காயலும் சூழ்ந்த இந்த நிலத்தில் ஓர் எர்த் குழி வெட்டி, துத்தநாகம் பூசிய இரும்புக் (ஜிஐ) குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் மெக்கரால் அளந்தால் ஓம் அளவு பெரும்பாலும் குறைவாகவே வரும். ஈரமும் உப்பும் கலந்த மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதே காரணம். ஆனால் அதே உப்பு, குழாயின் துத்தநாகப் பூச்சைத் தின்று, பின் இரும்பையும் தின்கிறது. கிளாம்ப் போட்ட இணைப்பு அதற்கும் முன்னால் போய்விடுகிறது. சோதனை நாளில் முழு மதிப்பெண் வாங்கிய எர்த், சில ஆண்டுகளில் வெறும் பெயருக்கு மண்ணில் கிடக்கும். மின் வழங்குவோரின் எர்த்தை வறண்ட பருவத்தில் வறண்ட நாளில் அளக்க வேண்டும் என்று 1956 மின்சார விதிகளிலேயே இருந்தது. இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் தன் எர்த்துக்கும் அப்படி ஒரு நாள் வரக் காத்திருந்து இணைப்பு வாங்கும் பொறுமை எந்த ஹோட்டல்காரருக்கும் இருக்காது.

இந்த இடத்தில் ஆய்வாளர் என்ன செய்ய வேண்டும்? எண் சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டால் விதியின் சொல்லைக் காப்பாற்றினார், நோக்கத்தைக் கைவிட்டார். செம்பு எலெக்ட்ரோடு போடு என்றால் நோக்கத்தைக் காப்பாற்றினார். ஆனால் ஜிஐ விலையில் குறைந்த லாபத்துக்கு வேலையை எடுத்தவருக்கு, பல மடங்கு விலையுள்ள செம்பு கையைக் கடிக்கும். அவர் கேட்கும் கேள்வி நியாயமானது: இது எங்கே எழுதியிருக்கிறது? 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட கருவியின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது போன்ற கோரிக்கைக்கு விதி உண்டு. அதைக் கேட்கும் ஆய்வாளரைக் குறைசொல்ல முடியாது. செம்புக்கு அப்படி ஒரு வரியைக் காட்ட முடியாமல், என் அனுபவத்தில் சொல்கிறேன் என்று அவர் சொன்னால், சொன்னது பொறியியல்படி சரியாகவே இருந்தாலும், ஒப்பந்ததாரர் காதில் அது தனிமனிதரின் விருப்பமாகத்தான் விழும். அடுத்த தெருவில் வேறொருவருக்கு ஜிஐ போதும் என்று விட்டிருந்தால் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

பழைய கட்டடங்களிலும் இதே சிக்கல்தான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மசாலாக் கிட்டங்கிகள் மர உத்தரமும் சுண்ணாம்புச் சுவருமாகக் கட்டப்பட்டவை. 2012இல் பியனாலே கலைவிழா தொடங்கியபின் இந்தப் பகுதியின் பல கிட்டங்கிகளில் கூட்டம் கூடுகிறது, பெரிய விளக்குகள் எரிகின்றன. சுவரைக் கொத்திக் குழாய் பதிக்க முடியாது. வெளியே இரும்புக் குழாய் ஓட்டினால் உப்புக்காற்று அரிக்கும், பிவிசி ஓட்டினால் தீயைப் பற்றிய கேள்வி வரும். இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு விதமாகச் சொல்ல எல்லா இடமும் இதில் உண்டு.

கறாருக்குத் தயக்கமில்லாமல் நான் கைதூக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. போர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் தலைமுறைகளாகத் துணி துவைத்துவரும் தமிழ் வண்ணார்களின் தோபி கானா போன்ற இடத்தில், ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவரின் உடல் மின்சாரத்துக்கு மிகச் சுலபமான வழி. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் துண்டிக்கும் ஈஎல்சிபி இல்லாமலோ, அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்தோ வைத்திருந்தால், எந்த ஆய்வாளரும் ஒரு நாள்கூட அவகாசம் தரக்கூடாது. இங்கே விட்டுக்கொடுப்பவரை நல்லவர் என்று சொல்வது பிழை.

ஆய்வாளர்கள் பக்கத்துக் குறைகளில் மோசமானது தவணை முறையில் குறை சொல்வது. ஒவ்வொரு மறுவருகைக்கும் நாள் போகிறது, கட்டட உரிமையாளர் பாக்கித் தொகையை நிறுத்திவைக்கிறார், வேலையாட்களுக்குக் கூலி நிற்பதில்லை. சொந்தமாக இன்ஜினீயர் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். நாலு ஒயர்மேன்களோடு ஓடும் சின்ன ஒப்பந்ததாரர் தாங்கமாட்டார். ஒரே விதி இருவருக்கும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதை, கறாரைப் புகழும் கட்சி பெரும்பாலும் பேசுவதில்லை. 162ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அரசிடமோ, அரசு ஆணையிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்திடமோ போகலாம். ஆனால் அடுத்த வேலைக்கும் அதே மேசைக்குத்தான் போக வேண்டும் என்றிருக்கும்போது எத்தனை பேர் துணிவார்கள்? வாயால் சொன்ன குறைமேல் மேல்முறையீடும் செய்ய முடியாது.

ஒப்பந்ததாரர்கள் பக்கமும் கை சுத்தமில்லை. வேலையைப் பார்க்காமலே நிறைவு அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும், லைசென்ஸைப் பிறருக்குக் கொடுத்துப் பணம் வாங்குவதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மெக்கர் வைத்துப் பார்க்காமலே இன்சுலேஷன் அளவை எழுதித் தருகிறார்கள். அப்படி ஒரு தாளைப் பார்த்துப் பழகிய ஆய்வாளர், அடுத்து வருகிறவரின் நேர்மையான தாளையும் நம்பமாட்டார்.

சுயசான்று என்ற மாற்று வழி பரவுகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 ஒழுங்குமுறைகளும், அரசு அறிவிக்கும் அழுத்தம்வரை உரிமையாளரே சான்று தர இடமளிக்கின்றன. இங்கிலாந்திலும் 2005 முதல் வீட்டு வேலைக்குப் பதிவுபெற்ற எலக்ட்ரீசியன் தானே சான்று தரலாம், ஆனால் அவர் சேர்ந்த அமைப்பு அவருடைய வேலையை அவ்வப்போது வந்து சோதிக்கும். அந்தச் சோதனை இல்லாமல் சுயசான்றை மட்டும் இங்கே கொண்டுவந்தால், கையெழுத்து விற்பவருக்குத்தான் கொண்டாட்டம். அமெரிக்கா வேறு வழியில் போகிறது. அங்குள்ள என்எஃப்பிஏ 70 மின் விதித்தொகுப்பின் 90.4ஆம் பிரிவு, விதிக்குப் பொருள் சொல்லும் பொறுப்பை உள்ளூர் அதிகாரியிடமே வெளிப்படையாகக் கொடுக்கிறது. கூடவே, குறையை எழுதும்போது விதி எண்ணையும் எழுதும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு.

இந்த அமெரிக்க வழியில் நமக்கு வேண்டியது பின்பாதி. முதல் வருகையிலேயே எல்லாக் குறைகளையும் விதி எண்ணோடு எழுதித் தர வேண்டும். மறைந்திருந்து பின்னால் வெளிப்பட்டவை தவிர, புதுக் குறை சேர்க்கக் கூடாது. விதியில் இல்லாத, ஆனால் ஊரின் தன்மையால் தேவைப்படும் கோரிக்கைகளை மாவட்ட அலுவலகம் முன்கூட்டியே அச்சிட்டு வெளியிட வேண்டும். அதிகாரி மாறினாலும் அந்தத் தாள் மாறக் கூடாது. இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, தலைமை மின் ஆய்வாளரின் ஒரு சுற்றறிக்கை போதும். எறணாகுளம் மாவட்டத் தாளில் முதலில் இடம்பெற வேண்டியது, கடலோர வார்டுகளில் எர்த் எலெக்ட்ரோடு என்ன உலோகத்தில் இருக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது.