மெய் நீங்கிய சொல்: ‘தி ரெயின்கோட்ஸ்’ குழுவின் கலையும் மொழிபெயர்ப்பும்

பெண்ணியக் கலையின் பெண்ணியம் அது கூறும் பொருளில் அடங்கியுள்ளது என்பது பரவலான கருத்து. அது சரியாயின், பொருளைப் பெயர்த்தவுடன் மொழிபெயர்ப்பாளர் பணி முடிவுறும். இலண்டனில் 1977-இல் ஹார்ன்சி கலைக் கல்லூரி மாணவியரான அனா ட சில்வா, ஜீனா பிர்ச் ஆகிய இருவரும் தொடங்கிய ‘தி ரெயின்கோட்ஸ்’ என்னும் ராக் இசைக்குழு இக்கருத்தை ஐயுறச் செய்கிறது. 1984-இல் கலைந்து 1994-இல் மீண்டும் கூடிய இக்குழுவின் படைப்புகளில், சொல்லப்படும் பொருளினும் சொல்லும் செயலே முதன்மை பெறுகிறது.

1981-இல் வெளிவந்த இரண்டாம் இசைத்தொகுப்பின் பெயர் ‘ஆடிஷேப்’. அகராதியில் இல்லாத இச்சொல், உடல்வடிவைக் குறிக்கும் ‘பாடி ஷேப்’ என்பது முதல் மெய்யை இழந்து நிற்பதாகும். விந்தையைக் குறிக்கும் ‘ஆட்’ என்பதும் இதனுள் ஒலிக்கிறது. தலைப்புப் பாடல், தன் தோற்றத்தைப் பிறர் வகுத்த அளவுகோலால் அளந்து வருந்தும் பெண்ணின் நிலையைப் பாடுவது. எனவே சொல்லின் குறையே பாடலின் பொருளாகிறது. இதனை ‘விந்தை உடல்’ எனப் பெயர்த்தால் செய்தி கிட்டும், செயல் கிட்டாது. ‘உடல்’ என்பதன் முதலெழுத்தை நீக்கினால் எஞ்சும் டகரம் தமிழில் மொழிமுதலாகாது. ‘மெய்வடிவு’ என்பதோ ‘எய்வடிவு’ ஆகும். மெய் நீங்க உயிர் எஞ்சுகிறது. உடலையும் எழுத்தையும் ஒரு சொல்லாற் குறிக்கும் தமிழுக்கே உரிய பேறு இது. எனினும் ‘எய்’ என்பது அம்பெய்தலை நினைவூட்டுதலால் விந்தைப் பொருள் மறைகிறது. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க நேர்கிறது.

1979-இல் வந்த முதல் தொகுப்பில், தி கிங்க்ஸ் குழுவின் ‘லோலா’ (1970) இடம்பெற்றது. ஆண் ஒருவன் கூற்றாக அமைந்த அப்பாடலைப் பெண்கள், பால் காட்டும் சொற்களை மாற்றாமலேயே பாடினர். லோலா ஆணா பெண்ணா என்னும் ஐயத்தோடு பாடுவோர் யார் என்னும் ஐயமும் சேர்கிறது. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாதாகலின் பாடுவோர் நிலையில் இடரில்லை. ஆனால் லோலாவைக் குறிக்கும் ஒவ்வொரு வினைமுற்றும் ‘ஆன்’, ‘ஆள்’ என ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘ஆர்’ ஈறு ஐயத்தைக் காக்குமேனும் மதிப்பை ஏற்றிவிடும். பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் மிகுதியாகப் பயன்படுத்தி முற்றுகளைக் குறைப்பதே தக்க வழியாகும்.

சொல்லே இல்லாதவிடத்து மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது யாது? பிர்ச் 1977-இல் சூப்பர் 8 படச்சுருளில் எடுத்த ‘மூன்று நிமிட அலறல்’ என்னும் படத்தில், சுருள் தீரும்வரை அவர் அலறுவது மட்டுமே உள்ளது. டேட் பிரிட்டன் கலைக்கூடம் 2023-இல் தொடங்கிய பெண்ணியக் கலைக் கண்காட்சியில் இப்படம் இடம்பெற்றது. இங்குப் பெயர்க்கத் தலைப்பன்றி வேறில்லை. ஆயினும் பொருள் குன்றவில்லை. மேற்கண்ட பாடல்களையும் இவ்வலறலின் துணைகொண்டே நோக்குதல் வேண்டும். செய்தியை மட்டும் பெயர்ப்பவர், அவற்றிலுள்ள குரலைக் கேளாதவராவார்.